நாலாவது கையெழுத்து

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பங்குச்சாமியார் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அதோடு அமிர்தசாமி வீட்டுக் கல்யாணம் அந்தரத்தில் நின்றது.

மகள் ரோஸ்லினுக்கும் வளவனூர் பிலவேந்திரனுக்கும் இரண்டு ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசித்தாயிற்று. வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. செவ்வாய்க்கிழமை காலை கல்யாணம். புதன்கிழமை சாம்பல் புதன். அன்றைக்குத் தவக்காலம் பிறந்துவிட்டால் நாற்பது நாளைக்குக் கோயிலில் தாலி கட்ட விடமாட்டார்கள். பிலவேந்திரனோ கத்தாரில் கிரேன் ஓட்டுகிறவன். அடுத்த சனிக்கிழமை விமானம். போனால் வர இரண்டு வருடம்.

இந்த நேரம் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் சாமியாரிடம் சொல்லியிருக்கிறான், இந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே திண்டிவனத்தில் கல்யாண ஒப்பந்தம் ஆகியிருக்கிறது என்று. சாமியார் அங்கே போன் போட்டுக் கேட்டார். கோயில் ஒப்பந்தப் பதிவேட்டில் மூன்று வருடத்துக்கு முந்தைய தேதியில் நான்கு கையெழுத்து அப்படியே இருந்தது. ரோஸ்லின், அப்போது பார்த்த மாப்பிள்ளை ஜெனித், ஜெனித்தின் அப்பா இருதயராஜ், அமிர்தசாமி. ரத்து என்று ஒரு வரிகூட இல்லை.

"நாலு பேரும் போய் ரத்துல கையெழுத்து போட்டாத்தான் ஞாயித்துக்கெழம ஓலை."

அந்தச் சம்பந்தம் முறிந்தபோது புடவை திரும்பிப் போனது, மோதிரம் திரும்பிப் போனது, தட்டு வைத்த எவர்சில்வர் தாம்பாளம்கூடத் திரும்பிப் போனது. பதிவேடு மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வந்திருக்காது. அன்றைக்குத் திண்டிவனம் கோயில் வாசலில் இருதயராஜ், "பொண்ணு பத்தி ஊர்ல ஒரு மாரி பேசிக்கறாங்க, எம்பையன் வாணாங்கறான்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். அமிர்தசாமி ஒரே அறை அறைந்தார். சென்ட்ரிங் மேஸ்திரியின் கை. இருதயராஜின் இடது காது ஜவ்வு கிழிந்தது. போலீஸ் வந்தது, சமாதானம் எழுதினார்கள். காது திரும்ப வரவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில், அதே இருதயராஜிடம் கையெழுத்துக் கேட்கக் கிளம்பி நின்றார் அமிர்தசாமி. பக்கத்தில் ரோஸ்லின். வழியனுப்ப வந்த அற்புதமேரி புருஷனின் வலது கையைப் பிடித்து ஜெபமாலையை நாலு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

"இத அவுக்காதய்யா. கை சும்மா இருந்தாதான் ஒனுக்கு ஆபத்து."

"ஒண்ணும் ஆவாது."

"அன்னிக்கும் அப்பிடித்தான் சொல்லிட்டுப் போன."

அமிர்தசாமி டீக்கடைப் பக்கம் திரும்பினார். டீயை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். கடைக்காரன் பார்த்தான், கொதிக்கக் கொதிக்க இருந்த டீ. இருபத்தெட்டு வருடம் சிமெண்டு தின்ற உள்ளங்கைக்குச் சூடு தெரியாது. இப்போதெல்லாம் நாக்குக்கும் தெரிவதில்லை.

ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்னது உண்மை. அடித்த வாரமே கோயிலில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தார். "கோவம் வந்தா கைய மடக்கிக்கினு ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்க. மிச்சத்த ஆண்டவர்கிட்ட விட்டுடுங்க" என்றார் அப்போது இருந்த சாமியார். அமிர்தசாமி சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்கிறவர். அதையும் செய்தார். முதல் ஆறு மாதம் பல்லைக் கடித்தார். பிறகு கடிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் மாடியிலிருந்து தகட்டை நழுவவிட்ட ஆளிடம், "பாத்து எட்றா" என்று மட்டும் சொன்னார். மேஸ்திரி திருந்திட்டாரு என்று கூலியாட்கள் பேசிக்கொண்டார்கள். கோயில் பங்கில்கூட அவரைக் காட்டி நல்லதாகச் சொன்னார்கள்.

அவருக்குத்தான் தெரியும். அண்ணன் செத்தபோது கல்லறையில் மண் தள்ளிவிட்டு நேராக வேலைக்குப் போனார். பிலவேந்திரன் வீட்டில் சரி என்று சொன்ன அன்று அற்புதமேரி மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அவர், "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார். கோபம் போன வழியிலேயே மற்றதும் போய்விட்டிருந்தது. ஆண்டவரிடம் விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். எங்கே விட்டோம் என்று தேடிப் பார்த்ததில்லை.

சென்னை பஸ் வந்தது. "திண்டிவனம் மேம்பாலத்துலதான் எறக்குவேன், ஊருக்குள்ள போவாது, ஜல்தி ஏறு" என்றான் கண்டக்டர். ஏறினார்கள்.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்வரை ரோஸ்லின் பேசவில்லை. அவள் ரத்தப் பரிசோதனை லேபில் ஊசி குத்துகிறவள். முகத்தில் எதுவும் காட்டாமல் இருப்பது அவளுக்கும் பழக்கம்.

"யப்பா, அவங்க போட மாட்டேன்னா?"

"கேட்டுப் பாக்கலாம்."

"கேட்டும் போடலன்னா?"

"ஆண்டவரு பாத்துப்பாரு."

"இத நீ நம்பித்தான் சொல்றியா, சும்மா சொல்லி வைக்கறியா?"

அமிர்தசாமி ஜன்னல் பக்கம் திரும்பினார். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்றை பஸ் முந்திக்கொண்டிருந்தது. 

*

இருதயராஜுக்குச் சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடுகிற தொழில். வீட்டுக்கு முன்னாலேயே ஷெட். இரும்புத் தகடுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும், பக்கத்தில் கான்கிரீட் தளத்துக்கு முட்டுக் கொடுக்கிற சவுக்குக் கம்புகள் குவிந்திருக்கும். பதினைந்து வருடம் அமிர்தசாமி இங்கேதான் சாமான் எடுத்தார். அந்தப் பழக்கத்தில்தான் சம்பந்தப் பேச்சே வந்தது.

இருதயராஜ் தகட்டுக்குப் பழைய ஆயில் தடவிக்கொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். வந்தவர்களைப் பார்த்தார், தடவுவதை நிறுத்தவில்லை.

"தோத்திரம்" என்றார் அமிர்தசாமி.

இருதயராஜ் இடது பக்கத்தைக் காட்டி உட்கார்ந்தார். "இந்தப் பக்கம் பேசனா கேக்காது மேஸ்திரி. ஒனுக்குத் தெரியாதா?"

அமிர்தசாமி சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனார். இருதயராஜ் முக்காலியோடு திரும்பி மறுபடி இடது காதைக் கொடுத்தார். அமிர்தசாமி மறுபடி சுற்றினார். அவர் மறுபடி திரும்பினார். லோடு ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு ஆட்கள் கம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

ரோஸ்லினுக்குக் காது சிவந்தது. அமிர்தசாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது முறையும் சுற்றிப் போய் நின்று, "கோயில் புக்குல பழைய ஒப்பந்தம் நிக்குது. நாலு கையெழுத்து போட்டா ரத்தாயிடும். நாளைக்கி எம்பொண்ணுக்கு மூணாவது ஓலை" என்றார், சிமெண்டு எத்தனை மூட்டை என்று சொல்கிற குரலில்.

"ஜெனித் இங்க இல்ல. பெங்களூர்ல இருக்கான். ஈஸ்டருக்குத்தான் வருவான்."

"போன் போட்டா..."

"எடுக்க மாட்டான்."

அப்போது வீட்டுக்குள்ளிருந்து இரண்டு வயதுக் குழந்தை ஒன்று ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து இருதயராஜின் லுங்கியைப் பிடித்து இழுத்தது. "தாத்தா, அம்மா கூப்புது." அதே அகல நெற்றி, அதே மூக்கு. ஜெனித்தை உரித்து வைத்திருந்தது.

வாசற்படியில் ஒரு பெண் நின்றாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு, கையில் குழந்தையின் இன்னொரு செருப்பு.

"யாரு இவங்க?" என்று கேட்டாள் ரோஸ்லின்.

இருதயராஜ் ஆயில் துணியைப் பிழிந்தார். "வேலக்காரப் பொண்ணு. வூட்டு வேலைக்கு வெச்சிருக்கோம்."

படியில் நின்றவள் அதைக் கேட்டாள்.  இறங்கி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ரோஸ்லினுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. குழந்தையின் வயதும், மூன்று வருடமும், கோயில் வாசலில் சொன்ன சொல்லும். அவள் இருதயராஜின் வலது காதுப் பக்கம் போய்க் குனிந்தாள்.

"இந்தக் காதுல கேக்குதில்ல? எம்மேல பழியப் போட்டீங்களே, இதுக்குத்தானா? ஒங்க பையன் வேற பொண்ண கட்டிக்கினு வந்துட்டான். அத மறைக்கறதுக்கு என்னப் பத்தி ஒரு மாரி பேசிக்கறாங்கன்னு சொன்னீங்களா? அதுக்கப்பறம் நாலு எடம் வந்துச்சு எனுக்கு. நாலும் விசாரிச்சிட்டு போய்ட்டாங்க. இன்னா விசாரிச்சாங்கன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

இருதயராஜ் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். துணி பிடித்த கை நின்றிருந்தது.

ரோஸ்லின் அப்பாவிடம் திரும்பினாள். "நீ இன்னாப்பா மரம் மாரி நிக்கற?"

"விடும்மா."

"எத விடறது? கோவத்த அடக்குன்னுதான சாமியாரு சொன்னாரு? செத்துப் போய்டுன்னா சொன்னாரு? மூணு வருசமா வூட்ல நீ பேசறதுக்கும் செவுரு பேசறதுக்கும் வித்தியாசம் தெரியல எங்களுக்கு. அம்மா வெளிய பெருமையா சொல்லிக்குது, எம்புருசன் திருந்திட்டாருன்னு. வூட்ல வந்து அழுவுது."

ஆட்கள் இருவரும் சிரிப்பை விட்டுவிட்டுக் கம்பைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு அந்தப் பக்கம் போனார்கள்.

இருதயராஜ் எழுந்தார். "பேசும்மா, பேசு. ஒங்கப்பன் கைல பேசுவான், நீ வாயில பேசற. நான் சொன்னது தப்புதான். தெரிஞ்சேதான் சொன்னேன்." அமிர்தசாமியைப் பார்த்தார். "ஒன்ன ஒண்ணு கேக்கறேன். போலீஸ்ல எழுதிக் குடுத்த. சாமியார்கிட்ட பாவத்த சொன்ன, ஜெபம் பண்ண, ஆண்டவரு மன்னிச்சிட்டாருன்னு ஊர்ல சொல்லிக்கினு திரிஞ்ச. எங்கிட்ட வந்தியா? ஒரு தபா? இன்னிக்கும் கையெழுத்து வோணும்னுதான வந்த?"

அமிர்தசாமிக்கு அது கேட்டது. உள்ளே இறங்கவில்லை. பக்கத்தில் இருந்த தகட்டு அடுக்கின்மேல் போய் உட்கார்ந்தார். மாசி வெயிலில் இரும்பு காய்ந்து கிடந்தது.

"கையெழுத்து கெடைக்கற வரைக்கும் இங்கயே ஒக்காந்துக்கினு இருக்கேன்" என்றார்.

"இரு. எனுக்கு இன்னா நஷ்டம்" என்று சொல்லிவிட்டு இருதயராஜ் மறுபடி ஆயில் துணியை எடுத்தார்.

*

அரை மணி நேரம் போனது. ரோஸ்லின் ரோட்டோரம் நின்றாள். பிலவேந்திரன் இரண்டு முறை போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது?

ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவன் ஜெனித். டிரைவிங் ஸ்கூல் பெயர் போட்ட டீ-ஷர்ட். பெங்களூரிலிருந்து வந்தவன்போல இல்லை. ரோஸ்லினைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றான்.

வீட்டுக்குள்ளிருந்து அந்தப் பெண் வெளியே வந்தாள். இடுப்பில் குழந்தை, தோளில் ஒரு துணிப்பை.

"நான்தான் வரச் சொன்னேன்" என்றாள் இருதயராஜிடம். "வேலக்காரப் பொண்ணுன்னு சொன்னீங்க இல்ல மாமா, அதான். இவரு இப்ப இங்க வந்து நான் யாருன்னு சொல்லட்டும். இல்லன்னா பெருமுக்கல்ல எங்கம்மா வூட்டுக்கு போய்டறேன்."

"துர்கா, உள்ள போ" என்றார் இருதயராஜ்.

"போவ மாட்டேன்."

"யாரக் கேட்டு அவனுக்கு போன் பண்ண?"

"எம்புருசனுக்கு போன் பண்ண யாரக் கேக்கணும்?"

இருதயராஜின் கை ஓங்கியது. ஆயில் வழிகிற கை. துர்கா குழந்தையை மறைத்துத் திரும்பினாள்.

அமிர்தசாமி எப்போது எழுந்தார், எப்படி நாலடி தாண்டினார் என்று அவருக்கே தெரியாது. இருதயராஜின் மணிக்கட்டு அவர் கையில் இருந்தது. ஜெபமாலை மணிகள் இரண்டு பேர் தோலுக்கும் நடுவே நசுங்கின.

கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கும்போது கீழே முட்டு விலகினால் முதலில் சின்னதாக ஒரு சத்தம் கேட்கும். சுள்ளி ஒடிகிற மாதிரி. தொழில் தெரிந்தவன் அதைக் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவான். அந்தச் சத்தம் அமிர்தசாமிக்குத் தன் நெஞ்சுக்குள் கேட்டது. அதன் பின்னால் எல்லாமே இறங்கியது. நாலு மாப்பிள்ளை வீட்டார் டீ குடித்துவிட்டுப் போனது, மகள் லேபிலிருந்து வந்து லைட் போடாமல் உட்கார்ந்திருந்தது, அண்ணனின் கல்லறை, இந்த ஆள் முக்காலியோடு மூன்று முறை சுற்றியது. இடது கை சும்மா இருந்தது. எங்கே அடித்தால் என்ன ஆகும் என்று அந்தக் கைக்குத் தெரியும். நல்ல காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

இருதயராஜ் கண்ணை மூடிக்கொண்டார். அடி விழும் என்றே நினைத்துவிட்டார்.

பரலோக மந்திரம் அமிர்தசாமிக்கு முதல் வரியிலேயே மறந்துபோயிற்று. "ஆண்டவரே, புடிச்சிக்கோ" என்று மட்டும் வாயில் வந்தது. சத்தமாகவே வந்தது. அவர் மணிக்கட்டை விட்டார். விரல்கள் லேசில் பிரியவில்லை. இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

பிறகு சவுக்குக் கம்புக் குவியலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  முகமெல்லாம் வியர்வை. துர்கா உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"குடிங்க ஐயா."

குடித்தார். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது தெரிந்தது.

ரோஸ்லின் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே வரவில்லை.

ஜெனித் ஹெல்மெட்டைக் கழற்றினான். "வாங்க, கோயிலுக்குப் போலாம். நான் போடறேன்."

"போட்டுட்டு?" இருதயராஜ் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு கத்தினார். "நீ போட்டா அடுத்து சாமியாரு இன்னா கேப்பாரு? ஒனுக்கு எப்ப கல்யாணம்னு கேப்பாரு. வேத்து மதப் பொண்ண ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கட்டிக்கினேன்னு சொல்லுவியா? கோயில் பங்குப்பேரவைல நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ஒக்கார்றது?"

"ஒங்க மூஞ்சிக்காகத்தான் மூணு வருசம் பொறுத்துக்கினேன் மாமா" என்றாள் துர்கா. "எம்புள்ளைக்கு ரெண்டு வயசாவுது. அது பேரு கோயில்ல எந்த புக்குல இருக்குது, சொல்லுங்க."

இருதயராஜ் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

*

கோயில் ஆபீஸ் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறந்தது, உள்ளே பதிவேடு தயாராக இருந்தது. திண்டிவனம் சாமியார் வயதில் சின்னவர், ஜெனித்தைவிட இரண்டு மூன்று வருடம்தான் கூட இருக்கும். பழைய பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நான்கு கையெழுத்து. அமிர்தசாமி தன்னுடையதைப் பார்த்தார். சந்தோஷத்தில் போட்ட கையெழுத்து, கோடு தாண்டி ஓடியிருந்தது.

ரோஸ்லின் போட்டாள். ஜெனித் போட்டான். பேனாவை வைத்துவிட்டு, "ரோஸ்லின், சாரி. அப்பா அப்பிடி சொல்லுவார்னு..." என்று ஆரம்பித்தான்.

"ஒனுக்கு அன்னிக்கே தெரியும் இல்ல?"

அவன் தலை குனிந்தான்.

"ஒன் சாரிய நீயே வெச்சிக்க. அந்தப் பொண்ணையாவது ஊரறிய வெச்சிக் குடும்பம் நடத்து."

ஜெனித் சாமியாரைப் பார்த்தான். "ஃபாதர், நான் ஒங்ககிட்ட இன்னொரு விஷயம் பேசணும்."

"பேசலாம். இது முடியட்டும்."

அமிர்தசாமி மூன்றாவதாகப் போட்டார்.  பதிவேட்டில் ஒரு கோடு காலியாக இருந்தது.

"அவர் போடாம நான் விழுப்புரத்துக்குச் சொல்ல முடியாதுங்க" என்றார் சாமியார். "நாலு பேர் முன்னாடி ஆன ஒப்பந்தம், நாலு பேரும் சேர்ந்துதான் அவுக்கணும், எங்க பங்குல அதான் வழக்கம். நாளைக்கி ஏழு மணிப் பூசைக்கு அவர் வருவார். பூசை முடிஞ்சி போட்டார்னா அந்த நிமிசமே உங்க சாமியாருக்குப் போன் பண்றேன். உங்க ஊர்ல ஓலை எந்தப் பூசையில?"

"எட்டரை."

"நேரம் இருக்கு. ஜெபம் பண்ணுங்க."

ரோஸ்லின் சிரித்தாள். நல்ல சிரிப்பாக இல்லை.

வெளியே வந்தபோது மணி நாலரை. ஜெனித் ஆபீஸிலேயே இருந்துவிட்டான். ரோஸ்லின் பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பினாள். அமிர்தசாமி திரும்பவில்லை.

"இங்க செத்த நேரம் நில்லு. ஒரு எட்டு போய்ட்டு வந்துடறேன்."

"எங்க?"

"இருதயராஜ் வூட்டுக்கு."

"இன்னாத்துக்கு? அவரு கால்ல வுழுறதுக்கா? எனுக்குக் கல்யாணமே வாணாம்பா. என்னப் பத்தி கூசாம பொய் சொன்ன ஆளு. அந்தப் பொண்ண கண்ணு முன்னாடி அடிக்கப் போனாரு. அவர்கிட்ட போய் நீ..."

"அவன் பேசுனது அவன் பாவம். அடிச்சது எம் பாவம்."

"அதான் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டியே."

"சாமியார்கிட்ட சொன்னேன். அவருக்கா காது போச்சு?"

 அப்பா இவ்வளவு நீளமாகப் பேசியே நாளாகியிருந்தது.

நடக்கும்போது அமிர்தசாமிக்கு ஒன்று தெரிந்தது. போன வருடம் வந்து கேட்டிருந்தால் சுலபம். நேற்று கேட்டிருந்தாலும் சுலபம். மரத்துப்போனவன் மன்னிப்புக் கேட்பதில் ஒரு சிரமமும் இல்லை, வார்த்தை மட்டும்தான் செலவு. இப்போது கோபம் எரிகிறது. அந்த ஆளின் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் விரல் மடங்குகிறது. எரிகிற இந்த நேரத்தில் கேட்டால்தான் கேட்டதாகும். நாளைக்குத் தள்ளிப்போட்டால் மறுபடி மரத்துப்போகும், தனக்குத் தன்னைத் தெரியும்.

பின்னாலேயே வந்த ரோஸ்லின் ரோட்டு முனையில் நின்றுகொண்டாள். அவர் கதவைத் தட்டினார். இருதயராஜே திறந்தார். குளித்து வேட்டி கட்டியிருந்தார். மணிக்கட்டில் மணி மணியாகச் சிவப்புத் தடம். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"மறுபடியும் இன்னா?"

அமிர்தசாமி அவருடைய வலது காதுப் பக்கம் வந்து நின்றார். இந்த முறை இருதயராஜ் திரும்பவில்லை.

"அன்னிக்கி கோயில் வாசல்ல ஒன்ன அடிச்சது தப்பு. ஒங்காதப் போக்கினது நான். மன்னிச்சிடு."

இருதயராஜ் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். தெருவில் தண்ணீர் லாரி ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு கடந்தது.

"கையெழுத்துக்காகக் கேக்கறியா?"

"திண்டிவனத்துக்கு வந்தது கையெழுத்துக்காகத்தான். இது அதுக்காக இல்ல."

"நான் போடலன்னா?"

"போடலன்னாலும் கேட்டது கேட்டதுதான்."

"இன்னும் எம்மேல கோவம் இருக்குதா ஒனுக்கு?"

"இருக்குது. நெறைய இருக்குது."

இருதயராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். உதடு அசைந்தது. அவரும் ஏதோ சொல்ல வந்தார் போலிருந்தது. ரோட்டு முனையில் நிற்கிற ரோஸ்லினை எட்டிப் பார்த்தார், உடனே பார்வையை இழுத்துக்கொண்டார்.

"சரி, போ" என்றார். கதவு சாத்திக்கொண்டது.

*

மேம்பாலத்துக்கு அடியில் விழுப்புரம் பஸ் நிற்கிற இடத்தில் சனிக்கிழமைக் கூட்டம். இரண்டு பஸ் நிற்காமல் போய்விட்டது.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள் ரோஸ்லின்.

"சரி, போன்னு சொன்னாரு."

"போடறேன்னு சொன்னாரா?"

"இல்ல."

"போட மாட்டேன்னு?"

"அதுவும் சொல்லல."

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

அவள் துப்பட்டா முனையால் முகத்தைத் துடைத்தாள். திட்டுவாள் என்று அமிர்தசாமி எதிர்பார்த்தார். அவள் கைப்பையிலிருந்து வறுத்த மல்லாட்டைப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் பாதி வேர்க்கடலையைக் கொட்டினாள். காலையிலிருந்து இரண்டு பேரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அமிர்தசாமிக்குப் பசித்தது. நின்றபடியே தின்றார்.

போன் அடித்தது. அற்புதமேரி.

"இன்னாய்யா ஆச்சு? காலைலேர்ந்து ஒரு போனும் இல்ல. பிலவேந்திரன் வூட்லேர்ந்து மூணு தபா கேட்டுட்டாங்க. நான் ஜெபத்துல இருக்கேன்னு சொல்லிச் சமாளிச்சிக்கினு இருக்கேன். கையெழுத்து ஆச்சா?"

"மூணு ஆச்சு."

"நாலாவது?"

"நாளைக்கிக் காலைல தெரியும்."

 அற்புதமேரியின் குரல் இறங்கியது. "இங்க பந்தல்காரன் வண்டியோட வந்து நிக்கறான்யா. கம்ப எறக்கலாமா, இல்ல திருப்பி எடுத்துக்கினு போவட்டுமான்னு கேக்கறான். இப்ப போய்ட்டான்னா திங்கக்கெழம வர மாட்டானாம். நான் இன்னான்னு சொல்றது?"

அமிர்தசாமி வாயில் இருந்ததை விழுங்கினார். எதிரே பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தது. நிற்குமா என்று தெரியவில்லை. ஜனம் அதை நோக்கி ஓட ஆரம்பித்தது. ரோஸ்லின் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறக்கச் சொல்லு" என்றார்.